வலி சொல்லாத நெஞ்சு

(நீரிழிவும் இதயமும் குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் கொற்கை, தூத்துக்குடிப் பக்கத்தில் துட்டி கேட்கப் போகிற வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். “நேத்து ராத்திரி சாப்பிட்டுட்டு நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாவ. சுகர் மட்டுந்தான் இருந்துச்சு. வேற ஒரு சீக்கும் கிடையாது.” துக்கத்தில் இருப்பவர்களிடம் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பேசவும் கூடாது. ஆனால் இந்த மண்டபத்தில், யாரும் அழாமல் இருக்கிற நேரத்தில், அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். சர்க்கரை ஒரு தனி நோய், இதயம் வேறொரு சங்கதி என்ற எண்ணம் நம் கடற்கரையில் பல குடும்பங்களின் தூணைச் சாய்த்திருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் எதனால் அதிகம் இறக்கிறார்கள் என்று பார்த்தால், சர்க்கரை ஏறி மயங்கி இறப்பவர்கள் சிலர்தான். இதயமும் ரத்தக்குழாய்களும் பழுதுபட்டு இறப்பவர்களே பெரும்பகுதி.

தமிழ்நாட்டுக்கு இந்த நோயோடு பழக்கம் புதிதன்று. பேராசிரியர் எம். விஸ்வநாதன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1948-இல் நீரிழிவுக்கென்றே ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே எழுந்தது. நீரிழிவைத் தனித் துறையாகப் பார்ப்பது உலகத்தின் பல இடங்களிலும் பழக்கத்துக்கு வராத காலம் அது. அதற்குப் பின் வந்த ஆய்வாளர்கள் சென்னையில் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்தார்கள். 1989-இல் பெரியவர்களில் நூற்றுக்கு 8.3 பேர், 2004-இல் 14.3 பேர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நாடு முழுவதும் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதற்கு முந்தின படியில் நிற்பதாகவும் சொன்னது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். இந்த எண்கள் உங்களுக்குத் தெரிந்தவைதாம், செய்தித்தாளில் வந்துவிட்டன. ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கு உண்டு.

2001-இல் டாக்டர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் சென்னையில் இரண்டு குடியிருப்புகளில் வீடுவீடாகப் போய்ப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. சர்க்கரை மட்டுமல்லாமல் இசிஜியும் எடுத்தார்கள். சர்க்கரை சரியாக உள்ளவர்களில் இதயத் தமனி நோய் நூற்றுக்கு 9.1 பேருக்கு. நீரிழிவு உள்ளவர்களில் 21.4 பேருக்கு. இரண்டு மடங்குக்கும் மேல். இது எதிர்பார்த்ததுதான். என்னை நிறுத்தி யோசிக்க வைத்த எண் நடுவில் இருக்கிறது. நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் சர்க்கரை சற்றே ஏறத் தொடங்கியிருக்கிறது என்ற நிலையில் உள்ளவர்களில் 14.9 பேருக்கு இதய நோய் இருந்தது. “பார்டர்லதான் இருக்கு, மாத்திரை வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்று நிம்மதியாகத் திரும்பி வருகிறார்களே, அவர்கள்தாம் இவர்கள். சர்க்கரை என்று பெயர் சூட்டப்படும் நாளுக்கு வெகு முன்பே இதயத்தில் வேலை தொடங்கிவிடுகிறது.

என்ன வேலை அது? இங்கே கொற்கையை வைத்தே சொல்லலாம். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக உலகம் அறிந்த ஊரில் இன்று நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிற்று. துறைமுகம் பழைய காயலுக்கு நகர்ந்தது, அதுவும் தூர்ந்தது, பிறகு தூத்துக்குடி எழுந்தது. இதயத்தின் ரத்தக்குழாயும் இப்படித்தான் கொழுப்பு படிந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்துபோகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மருத்துவர்களாகிய நாங்களும் ‘அடைப்பு’ என்று சொல்லிச் சொல்லி அந்தப் படத்தை மனத்தில் பதித்துவிட்டோம். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததுதான் ஆபத்து.

வண்டல் ஆற்றின் தரையில் மேலாகப் படிகிறது. ரத்தக்குழாயில் கொழுப்பு சுவருக்குள்ளே புகுந்து உட்காருகிறது. குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்குச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. குழாயைத் தளர்த்தி விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அவைதாம் சுரக்கின்றன. அதைக் கண்டறிந்தவர்களுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை தொடர்ந்து கூடுதலாக இருந்தால் இந்தச் சுரப்பு குறைகிறது. சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு குழாய்ச் சுவரை விறைப்பாக்குகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் கல்லீரல் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் கூடுதலாக வெளியே அனுப்புகிறது. நல்ல கொழுப்பு குறைகிறது. கெட்ட கொழுப்பின் துகள்கள் சிறிதாகி, அடர்ந்து, சுவருக்குள் எளிதாக நுழைகின்றன. அவற்றை அகற்ற வருகிற வெள்ளணுக்கள் தின்று தின்று அங்கேயே தங்கி, சீழ்ப்பிடித்த கட்டியைப் போன்ற ஒரு படிவை உண்டாக்குகின்றன. அதன்மேல் மெல்லிய ஒரு தோல் மூடியிருக்கும்.

அந்தத் தோல் ஒரு நாள் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது; நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத் தட்டணுக்கள் மற்றவர்களுடையதைவிட வேகமாக ஒட்டிக்கொள்ளும். சில நிமிடங்களில் குழாய் மூடிப்போகிறது. இதுதான் பெரும்பாலான மாரடைப்பு. கிழிந்த படிவு அதுவரை குழாயைப் பெரிதாக மறைத்தே இருக்காது என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் போன மாதம் நடைப்பயிற்சிப் பட்டையில் ஓடவிட்டுப் பார்த்தபோது எல்லாம் நன்றாக இருந்தவர் இந்த மாதம் இல்லாமல் போகிறார். கொற்கை துறைமுகம் தூர்ந்துபோவதைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். இதயத்துக்கு அந்த அவகாசம் எப்போதும் கிடைப்பதில்லை.

“ஆள் ஒல்லிதானே, அவனுக்கு எப்படி?” என்று கேட்பீர்கள். நம் உடம்பின் வாகு அப்படி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் படத்தையே ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு வெள்ளையருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். கையும் காலும் மெலிந்து, வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமக்கிற உடம்பு நம்முடையது. எடை இயந்திரத்தைவிட இடுப்பில் சுற்றும் அளவுநாடா உண்மையைச் சொல்லும்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், முதல் மாரடைப்பு வருகிற சராசரி வயது மற்ற நாட்டாருக்கு 59-ஐ ஒட்டியும் தெற்காசியருக்கு 53 ஆகவும் இருந்தது. பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிற, வீட்டுக்கடன் பாக்கி நிற்கிற வயது அது.

இனி, மருத்துவம் எப்படிப் பாடம் கற்றது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நோயாளிகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில், காரணம் புரிந்தவர்தான் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்.

பிரிட்டனில் 1977-இல் தொடங்கிய ஒரு பேராய்வில் புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேர் சேர்ந்தார்கள். முடிவு 1998-இல் வந்தது. சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண்ணும் சிறுநீரகமும் தெளிவாகத் தப்பின. மாரடைப்பு குறைந்ததா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாத அளவே குறைந்திருந்தது. அதே ஆய்வின் இன்னொரு கிளையில் ரத்த அழுத்தத்தை மேலும் கொஞ்சம் குறைத்தார்கள். சராசரி 154-இலிருந்து 144-க்கு. வெறும் பத்துப் புள்ளி. நீரிழிவோடு தொடர்புடைய மரணம் 32 சதவீதமும், பக்கவாதம் 44 சதவீதமும் குறைந்தன! சர்க்கரைக்காக வந்தவர்களின் உயிரைக் கொதிப்பு மாத்திரை காத்தது. பத்தாண்டு கழித்து அதே மனிதர்களை மறுபடி பார்த்தபோது, தொடக்கத்திலேயே சர்க்கரையை ஒழுங்காக வைத்திருந்தவர்களுக்கு மாரடைப்பும் குறைந்திருந்தது தெரிந்தது. முதல் சில ஆண்டுகளில் எடுக்கும் அக்கறைக்குப் பலன் உண்டு. அது தாமதமாக வருகிறது.

அப்படியென்றால் சர்க்கரையை இன்னும் இறுக்கிப் பிடித்தால்? அமெரிக்காவில் பத்தாயிரம் பேரை வைத்து அதையும் செய்து பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யை 6-க்கும் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறந்தவர்கள் 257 பேர். ஏழு, ஏழரை என்று விட்டுவைத்த பிரிவில் 203 பேர். 2008 பிப்ரவரியில் இறுக்கிப் பிடித்த பிரிவையே நிறுத்தினார்கள். இதய நோய் முற்றியவர்களுக்கு, வயதானவர்களுக்கு, சர்க்கரையை அடிமட்டத்துக்கு இறக்குவது நன்மையைவிடத் தீமையே செய்யலாம். “எனக்கு எப்பவும் 90-ஐத் தாண்டாது” என்று எழுபது வயதில் பெருமைப்படுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது.

டென்மார்க்கில் நடந்த சிறிய ஆய்வொன்றுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. மொத்தமே 160 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குச் சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு, உணவு, நடை, புகை என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். ஏறத்தாழ எட்டாண்டுகளில் இதயச் சிக்கல்கள் பாதிக்குமேல் குறைந்தன. இருபத்தோர் ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது இரண்டாம் பிரிவினர் சராசரியாக 7.9 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இதற்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை; இருந்த மருந்துகளையும் பழக்கங்களையும் ஒன்றுசேர்த்ததுதான் அங்கே நடந்தது.

ஆகவே, சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிற அதே மூச்சில் கொதிப்பு எவ்வளவு, கெட்ட கொழுப்பு எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் கேளுங்கள். சிறுநீரில் அல்புமின் கசிவது சிறுநீரகத்தின் செய்தி மட்டுமன்று. உடம்பிலுள்ள சிறு குழாய்கள் எல்லாம் கசியத் தொடங்கிவிட்டன என்பதற்கு அடையாளம். பலருக்கு இதயம் கெடுவதற்கு முன்னால் வருகிற முதல் எச்சரிக்கை அதுதான். சாதாரண ஆய்வுக்கூடத்திலேயே பார்த்துவிடலாம், செலவும் அதிகமில்லை. ஆனால் பத்து நோயாளிகளில் எத்தனை பேர் கையில் அந்தச் சீட்டு இருக்கிறது என்று பாருங்கள்.

கொழுப்புக்குக் கொடுக்கிற ஸ்டாட்டின் மாத்திரையைப் பற்றி வீண் பயம் பரவியிருக்கிறது. இதய நோய் இல்லாத, நீரிழிவு மட்டும் உள்ள 2,838 பேரை வைத்து 2004-இல் வெளிவந்த ஆய்வில், பத்து மில்லிகிராம் அடார்வாஸ்டாட்டின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 37 சதவீதம் குறைத்தது. ஆய்வில் கொழுப்பு ‘நார்மல்’ என்று வந்துவிட்டது என்பதற்காக இதை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரின் கதை வேறு. இதய நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு அது அவசியம். வராதவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு தினமும் போட்டுக்கொண்டால், கிடைக்கிற பலனைக் குடலில் ஏற்படும் ரத்தக்கசிவு தின்றுவிடும்.

2015-க்குப் பிறகு ஒரு மருந்து வகை இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஒரு பொருள்தான் அதன் மூலம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்று சீட்டில் பார்த்திருப்பீர்கள். கூடுதல் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிற மருந்து என்றுதான் கொண்டுவந்தார்கள். இதய நோயுள்ள ஏழாயிரம் பேரை வைத்து எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்துப் பார்த்தபோது இதய மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. மாரடைப்பே வராமல், இதயத் தசை தளர்ந்து, கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிற நிலை நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அந்த நிலைக்கு இது நல்ல மருந்து. காப்புரிமை முடிந்ததும் விலையும் இறங்கிவிட்டது. டாபாகிளிஃப்ளோசின் 2020-இலும் எம்பாகிளிஃப்ளோசின் 2025-இலும் பலரின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன.

ஆனால் நம் ஊருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. இந்த மருந்து உடம்பிலிருந்து நீரையும் வெளியேற்றும். சித்திரை வெயிலில் உப்பளத்தில் உப்பு வாருகிறவருக்கு நீர் ஏற்கெனவே வியர்வையில் போய்க்கொண்டிருக்கிறது. வாந்தி பேதி வந்த நாளில், பட்டினி கிடக்கிற நாளில் இதை நிறுத்திவைக்க வேண்டும். இல்லையென்றால் ரத்தம் அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர்களும், காயல்பட்டினத்தில் ரமலான் நோன்பு நோற்கிறவர்களும், விரதம் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையை மாற்றி அமைத்துக்கொள்வது நல்லது. விரதம் இருக்கிறேன் என்று சொன்னால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறார்கள். திட்டுகிற மருத்துவர் மேல்தான் குற்றம், அவர் மாற்றிக்கொள்ளட்டும்.

தொழிலைக் கேட்காமல் நீரிழிவுக்கு மருந்து எழுதக்கூடாது என்று இங்கே அமர்ந்திருக்கிற மாணவர்களுக்கு அழுத்திச் சொல்வேன். சங்கு குளிக்கப் போகிறவருக்கும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கும், லாரி ஓட்டுநருக்கும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சர்க்கரையைத் திடீரென இறக்கிவிட்டால் என்ன ஆகும்? தாழ்ந்த சர்க்கரை இதயத் துடிப்பையும் தாறுமாறாக்கும். தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிறவர் ஊர் திரும்பும் வரைக்குமான மருந்தைக் கையில் கொண்டு போனாரா என்று யார் கேட்கிறோம்? மீன்பிடிப் படகில் இன்சுலினை ஐஸ் கட்டியோடு போட்டு வைக்கிறார்கள். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் வேலை செய்யாது. துணியில் சுற்றி, ஐஸில் படாமல், நிழலில் ஒரு மண்பாண்டத்துக்குள் வைத்தாலே போதும்.

உப்பளத்துக் கால்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். நரம்பு மரத்துப்போன கால் உப்புப் பரல் கிழித்ததை உணராது. புண் ஆறாமல் போனால் அது காலின் பிரச்சினை என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடுகிறோம். காலுக்கு ரத்தம் போகிற குழாய் சுருங்கியிருந்தால் இதயத்துக்குப் போகிற குழாயும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கால் புண்ணுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இசிஜி எடுங்கள்.

உணவைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. உங்களுக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். உடன்குடி கருப்பட்டி நம் பெருமை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சீனியைவிட அதில் தாதுச் சத்து உண்டு, மணமும் உண்டு. ஆனாலும் அதில் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். “நான் சீனியை விட்டுட்டேன், கருப்பட்டிக் காப்பிதான்” என்று சொல்கிறவர்களின் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பதநீரும் அப்படித்தான். ஆத்தூர் வெற்றிலையில் குற்றமில்லை. அதில் சேர்க்கிற புகையிலை பீடியைப் போலவே இதயக் குழாயைக் கெடுக்கும். சாளையும் நெத்திலியும் இதயத்துக்கு நல்லவை; நாம் கொடுத்துவைத்தவர்கள். அவற்றையே கருவாடாக்கித் தினம் தின்றால் கொதிப்பு ஏறும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் மீனையும் காயையும் பயறையும் வைத்தால் பெரிய மாற்றம் அது. தெற்காசியாவில் வெள்ளைச் சோறு மிக அதிகமாக உண்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 60 சதவீதம் கூடுதல் என்று 2020-இல் வந்த ஆய்வு காட்டியிருக்கிறது.

பழக்கத்தை மாற்றினால் பலன் உண்டா என்ற சந்தேகத்துக்குச் சென்னையிலிருந்தே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குள் போனார்கள். நடையும் உணவும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மாத்திரை கொடுத்த பிரிவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சீனாவில் டாசிங் என்ற எண்ணெய் நகரத்தில் 1986-இல் இதேபோல் ஆறாண்டு செய்து, முப்பதாண்டு கழித்துப் பார்த்தார்கள். இதய மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இன்று நீங்கள் நடக்கிற நடை உங்கள் பேரன் கல்யாணத்தில் கணக்குக் காட்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையில் இதற்கே ஒரு தனிச் சொற்பொழிவு வேண்டும். மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு இதய நோய் குறைவு என்பது பொதுவிதி. நீரிழிவு அந்தக் காப்பை உடைத்துவிடுகிறது. லட்சக்கணக்கானோரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், நீரிழிவால் கூடுகிற இதய ஆபத்து ஆண்களைவிடப் பெண்களுக்கு 44 சதவீதம் அதிகம். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து பிரசவத்தோடு போய்விட்டது என்று மறந்துவிடுகிற தாய்மார்கள் இதில் முதல் வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது சர்க்கரை பார்க்க வேண்டும். நம் வீடுகளில் அப்பாவின் இசிஜிக்குக் கார் பிடிக்கிறோம். அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் “வயசாகுதுல்லா” என்கிறோம்.

நான் இங்கே வந்ததே இனிச் சொல்லப்போவதற்காகத்தான். நீரிழிவு நரம்பையும் தின்னும். கால் மரத்துப்போவதுபோல், இதயத்தின் வலியை மூளைக்குச் சொல்கிற நரம்புகளும் மரத்துப்போகும். அதனால் மாரடைப்பு வரும்போது சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ மாட்டார்கள். திடீரென்று உடம்பெல்லாம் வியர்த்து நனையும். மாடி ஏறாமலே மூச்சு இரைக்கும். மேல்வயிறு எரியும், குமட்டும். தாடையோ இடது தோளோ கடுக்கும். சிலருக்கு ஒரு காரணமும் தெரியாத தளர்ச்சி மட்டும்தான். “கிறக்கமா இருக்கு” என்பார்கள். வீட்டில் என்ன செய்கிறோம்? வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர், சோடா, முதுகில் தைலம். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று படுக்கவைத்துவிடுகிறோம். மாரடைப்பிலும் ஏப்பம் வரும்.

ஒரு பெரியவரை நினைத்துக்கொள்கிறேன். பல ஆண்டு நீரிழிவு. மாலையில் வயிறு சரியில்லை என்று மருந்துக்கடையில் அமில மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் என்னிடம் வந்தது காலில் வீக்கம் என்பதற்காக. இசிஜி எடுத்தபோது முந்தின நாள் மாலையே மாரடைப்பு முடிந்துபோயிருந்தது தெரிந்தது. இதயத் தசையில் ஒரு பெரும்பகுதி செத்துவிட்டது. அவருக்கு ஒரு கணம்கூட நெஞ்சு வலிக்கவில்லை. முந்தின நாள் மாலையே வந்திருந்தால் உறைந்த ரத்தத்தைக் கரைத்திருக்கலாம். அதை அவருடைய மகனிடம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை, சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நீரிழிவு உள்ளவருக்கு இப்படி ஏதாவது வந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கவில்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆட்டோவில் பின்னால் உட்காரவைத்துப் பெரிய ஆஸ்பத்திரி தேடி அலையவேண்டாம். கிராமத்துக்குப் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணைச் சுகாதார நிலையத்திலும், ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் வேளையாகக் கொடுத்து மேல் சிகிச்சைக்கு அனுப்ப 2023 முதல் ஏற்பாடு இருக்கிறது. சிறிய மருத்துவமனையில் உறைவைக் கரைத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முறையை 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். இது நம் மாநிலத்தில் நடந்த வேலை.

கடைசியாக, அறக்கட்டளையாரிடம் ஒரு வேண்டுகோள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. மிகப் பெரிய காரியம் அது. ஆனால் நோய் இருப்பதே தெரியாதவர் வாசலுக்கு மாத்திரை வராது. உப்பளத் தொழிலாளி விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறார். புறநோயாளிப் பிரிவு திறக்கிற நேரத்தில் அவர் பாத்தியில் நிற்கிறார். மீனவர் கடலில் நிற்கிறார். சொற்பொழிவுக்கு ஒதுக்கிய நிதியில் மிஞ்சுவதைக் கொண்டு, மாதத்தில் ஒரு மாலை, உப்பள வாயிலிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் கொதிப்பு பார்க்கவும், இடுப்பை அளக்கவும், சிறுநீரும் எச்பிஏ1சி-க்கு ரத்தமும் எடுக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். மருத்துவ மாணவர்கள் வருவார்கள். நான் அழைத்து வருகிறேன். “காலையில வெறும் வயித்தோட வரணுமே, வேலைக்குப் போகணுமே” என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. அந்த ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியிலேயே கொடுக்கலாம்.